அடக்கலும் இணக்கலும்: தமிழகக் குதிரைப் பயிற்சி வரலாற்றில் கனிவு முறை – தகடூர் நாட்டையும் வத்தல்மலைப் பகுதியையும் முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குதிரையை அச்சுறுத்தி அடக்குவதைவிட அதன் இயல்பறிந்து இணக்குவதே சிறந்தது என்னும் கருத்து இன்று உலகெங்கும் செல்வாக்குப் பெற்றுள்ளது. இக்கருத்து மேனாட்டுப் புதுமையாகவே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. தமிழ் இலக்கியங்களும் அசுவ சாத்திர மரபும் இதற்கு நெருங்கிய சிந்தனைகளை முன்னரே கொண்டிருந்தன. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் அயல்நாட்டார் குறிப்புகள் தமிழகத்தில் குதிரைகள் பேணப்படாமல் மடிந்ததைக் கூறுகின்றன. அறிவு இருந்தும் நடைமுறை ஏன் அதனைப் பின்பற்றவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா. குதிரையின் இழப்பை யார் ஏற்றனர், பயிற்சிக்கு எவ்வளவு காலம் கிடைத்தது, பயிற்றுவோனுக்கும் விலங்குக்கும் இடையிலான உறவு எத்தகையது என்னும் மூன்று காரணிகளின் வழி இவ்வினா அணுகப்படுகிறது. தகடூர் நாடு, பாராமகால், மத்திகிரி, வத்தல்மலை சார்ந்த மலைப்பகுதி ஆகியன ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குதிரைப் பயிற்சி, கல்லாமா, அசுவ சாத்திரம், குதிரை வணிகம், பாராமகால், பொதிக்குதிரை, வத்தல்மலை.

1. முன்னுரை

தமிழகக் குதிரை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வணிகம், போர், சமயச் சடங்கு ஆகிய மூன்று தளங்களில் நிகழ்ந்துள்ளன. கடல் வணிகத்தில் குதிரையின் இடம், பாண்டியர் – விசயநகரப் படையமைப்பு, அய்யனார் கோயில் சுடுமண் குதிரைகள் ஆகியன விரிவாக எழுதப்பட்டுள்ளன. குதிரைக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது, கற்பித்தவர் யார், அக்கல்வி எப்போது வன்மையாகவும் எப்போது கனிவாகவும் அமைந்தது என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இவ்வினாவுக்குத் தருமபுரி வட்டாரம் பொருத்தமான களம். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராகிய தகடூர் இதுவே. அவனுடைய அண்டை நிலத் தலைவர்களாகிய மலையமான் திருமுடிக்காரியும் வல்வில் ஓரியும் தம் பெயரையே கொண்ட குதிரைகளோடு நினைக்கப்பட்டவர்கள். பின்னாளில் பாராமகால் எனப் பெயர் பெற்ற இந்நிலம் மைசூர்க் குதிரைப் படையும் கும்பினிப் படையும் மாறி மாறி நடந்த வழியாயிற்று. இதன் வடமேற்கில் ஒசூரை அடுத்த மத்திகிரியில் கும்பினியார் படைக்குதிரைப் பண்ணை அமைத்தனர். இதன் நடுவில் தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் நிற்கும் வத்தல்மலை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களைக் கொண்டது. வண்டிப்பாதை மிகப் பிந்தி வந்த மலை இது. போர்க்குதிரைக்கும் பொதிவிலங்குக்குமான வேறுபாட்டை ஒரே வட்டாரத்தில் வைத்து நோக்க இந்நிலவியல் இடம் தருகிறது.

2. கல்லாமா: சொல்வழிச் சான்று

ஒரு சமூகம் ஒரு தொழிலை எவ்வாறு கருதியது என்பதை அது வழங்கிய சொற்கள் ஓரளவு காட்டும். ஆங்கிலத்தில் குதிரைப் பயிற்சியைக் குறிக்க ‘உடைத்தல்’ என்னும் பொருளுடைய சொல்லே நெடுங்காலம் வழங்கியது. குதிரையின் மனத்தை முறித்த பின்னரே அது பயன்படும் என்னும் கருத்து அச்சொல்லில் உறைந்துள்ளது. தமிழில் அடக்குதல், பழக்குதல், வசக்குதல், பயிற்றுதல் எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் அடக்குதல் வன்மையைச் சுட்டும். பழக்குதல் மீண்டும் மீண்டும் செய்து இயல்பாக்குவதைச் சுட்டும்.

இவற்றினும் நுட்பமானது திருக்குறள் காட்டும் சொல்லாட்சி. தீநட்பு அதிகாரத்தின் நான்காம் குறள், போர்க்களத்தில் வீரனைக் கைவிட்டு ஓடும் குதிரையை உவமையாக்குகிறது. அக்குதிரையை வள்ளுவர் தீய குதிரை என்றோ அடங்காக் குதிரை என்றோ கூறவில்லை, ‘கல்லாமா’ என்கிறார். குறை குதிரையின் குணத்தில் இல்லை, அது பெறாத கல்வியில் உள்ளது என்பது இச்சொல்லின் உட்கிடை. கற்கும் தகுதி குதிரைக்கு உண்டு. கற்பிக்கும் பொறுப்பு மாந்தனுக்கு உண்டு. அன்றியும், கல்வி பெறாத குதிரையால் வரும் கேடு ஏறியவனையே சாரும். கனிவு முறையினர் இன்று வலியுறுத்தும் முதற்கோட்பாடும் இதுவே.

அகநானூறு, நற்றிணை, ஐங்குறுநூறு ஆகியவற்றின் முல்லைப் பாடல்கள் மற்றொரு சான்று தருகின்றன. வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனை விரைவுபடுத்துவது அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் சூழல். அங்குத் தாற்றுமுள் படாமலே விரையும் குதிரை உயர்வாகப் பேசப்படுகிறது. முள்ளால் குத்த வேண்டிய தேவையின்றிப் பாகனின் குறிப்பறிந்து செல்வதே நல்ல குதிரைக்கும் நல்ல பாகனுக்கும் அடையாளம். இலக்கியம் இலட்சியத்தையே பாடும். நடைமுறையில் முள் இருந்ததனால்தான் முள் தீண்டாமை சிறப்பாயிற்று என்பதும் மறுக்கத்தக்கதன்று. எனினும், சிறந்த பயிற்சியின் அளவுகோல் வலியின் மிகுதியன்று, அதன் தேவையின்மை என்னும் மதிப்பீடு அக்காலப் புலவர்க்கும் கேட்போர்க்கும் பொதுவாக இருந்தது.

மருதக்கலியில் தலைவன் தன் புறத்தொழுக்கத்தை மறைக்கக் குதிரை ஊர்ந்து பழக்கி வந்ததாகச் சொல்வதும், தலைவி அதனையே பற்றிக்கொண்டு குதிரையின் அணிகளைச் சுட்டி நகையாடுவதும் இடம்பெறுகின்றன. குதிரை பழக்குதல் உயர்குடி ஆடவரின் அன்றாடப் பயிற்சியாகக் கருதப்பட்டிருந்தால்தான் இப்பொய் ஏற்கத்தக்க சாக்காக அமையும். மல்லகதி, மயூரகதி, வானரகதி, வியாக்கிரகதி, இடபகதி எனக் குதிரையின் ஐவகை நடைகளுக்குத் தமிழில் தனிப்பெயர் வழங்கியமையும், நேரோட்டம் ‘ஆதி’ எனவும் வட்டவோட்டம் ‘சாரி’ எனவும் பிரித்தறியப்பட்டமையும் இப்பயிற்சியின் நுட்பத்துக்குச் சான்றாகும்.

3. அசுவ சாத்திர மரபும் குதிரையின் உள்ளமும்

இந்திய மரபில் குதிரையியல் சாலிகோத்திரர் பெயரால் வழங்குகிறது. பாண்டவருள் நகுலன் இக்கலையில் வல்லவனாகப் போற்றப்பட்டான். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது அவன் ஏற்ற பணி குதிரைக் காவல். குதிரைகளின் இயல்பறிதல், பழக்குதல், குணம் கெட்டவற்றைத் திருத்துதல், நோய் தீர்த்தல் ஆகிய நான்கையும் தன் திறனாக அவன் எடுத்துரைக்கிறான். பயிற்றுவோனும் மருத்துவனும் வேறல்லர் என்பது இதன் பொருள். நகுலன் பெயரிலான அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் 1952இல் பதிப்பித்தது. இம்மரபு தமிழ் நிலத்து அரண்மனைகளிலும் பேணப்பட்டதற்கு அது சான்று.

நளன் கதையும் இங்குக் கருதத்தக்கது. அயோத்தி வேந்தன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக வாகுகன் என்னும் பெயரில் நளன் இருந்தபோது, மெலிந்த குதிரைகளைத் தேர்ந்தெடுத்து, தடுமாறிய அவற்றை ஆற்றி, வியப்புறும் விரைவுடன் செலுத்தினான். அவன் அறிந்த கலையின் பெயர் ‘அசுவ இருதயம்’. குதிரையின் உள்ளத்தை அறிவதே குதிரையைச் செலுத்தும் வித்தை என இப்பெயர் உணர்த்துகிறது. புகழேந்தியின் நளவெண்பாவும் அதிவீரராம பாண்டியரின் நைடதமும் நளன் கதையைத் தமிழில் நிலைபெறச் செய்தன.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் குதிரைத் தலைவனின் கடமைகளைத் தனி இயலாக வகுக்கிறது. உணவளவு, தொழுவ அமைப்பு, நடை வகைகள், பணியாளர் பிரிவு ஆகியவற்றுடன் மருத்துவப் பிழையால் நோய் முற்றினால் விதிக்கப்படும் தண்டமும் அதில் உண்டு. கனிவு இங்கு உணர்ச்சியாக அன்றி நிருவாக விதியாகத் தோன்றுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரிலான மானசோல்லாசம் குதிரை விளையாட்டையும் பயிற்சியையும் விரித்துரைக்கிறது.

இம்மரபின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். அசுவ சாத்திர நூல்கள் அடித்தலை முற்றிலும் விலக்கவில்லை. எப்போது, எவ்விடத்தில் என வரையறுத்தன. குதிரைகளை நிறம், சுழி, குலம் ஆகியவற்றால் வகைப்படுத்தி, அவ்வகைக்கேற்பக் குணம் உண்டென முன்கூட்டியே தீர்மானித்தன. ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியே கண்டு முறையை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வுக்கு இச்சுழி நூல் துணையாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம். குணத்தைக் கவனிப்பதும் குணத்தை முன்னரே கற்பித்துக்கொள்வதும் ஒன்றல்ல.

4. கடல்வழிக் குதிரையும் கைவிடப்பட்ட பயிற்சியும்

இத்தகைய அறிவுமரபு இருந்த நிலத்தில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணப்பட்ட நிலை முரணாகத் தோன்றுகிறது. பாண்டிய நாட்டைக் கண்ட வெனிசு நாட்டு மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் எனவும், உடன் ஆண்ட அவன் சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்கினர் எனவும் எழுதினார். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்பதும் அவர் கூற்று. பேணும் முறை அறியாமையும் குதிரை மருத்துவர் இன்மையும் காரணமெனக் கூறும் அவர், வணிகர் தம் விற்பனை குறையாதிருக்கக் குதிரை மருத்துவர் எவரையும் இங்கு வரவிடவில்லை என்றும் சேர்க்கிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாபின் குறிப்பு இதனோடு ஒத்துச் செல்கிறது. பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து மாபார் முதலிய நாடுகளுக்கு ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் எனவும் அவர் கூறுகிறார். வழியில் இறந்த குதிரைகளுக்கும் விலை தரப்பட வேண்டும் என்பது உடன்பாடு. வந்த குதிரைகள் முளைகளில் கட்டிவைக்கப்பட்டு, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் ஊட்டப்பட்டுக் கொழுத்தன. பின்னர்ப் பயிற்சியின்றியே அவற்றின்மீது வீரர் ஏறினர். விரைவில் வலிய குதிரைகளும் நலிந்து பயனற்றுப் போயின என்பது அவர் தரும் சித்திரம்.

இவ்விரு குறிப்புகளையும் அப்படியே ஏற்றல் இயலாது. எண்கள் உருட்டி உரைக்கப்பட்டவை. வெப்பமும் ஈரமும் மிக்க நிலத்தில் வறண்ட நிலக் குதிரை நலிவதற்குத் தட்பவெப்பமும் தீவனமும் நோயும் காரணமாகும். போர்க்குதிரை வழங்கல் இந்திய அரசுகளின் வலிமையை எவ்வாறு வரையறுத்தது என்பதை சைமன் டிக்பி 1971இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இறக்குமதியை நம்பி நிற்றல் தமிழகத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அயலார் குறிப்பில் உள்ளூராரை இழிவாகக் காணும் நோக்கும் உண்டு.

ஆயினும் இரு குறிப்பும் ஒருங்கே சுட்டும் அமைப்பு கவனத்துக்குரியது. வழியில் இறந்த குதிரைக்கும் விலை கிடைப்பின், கப்பலில் குதிரையைப் பேணும் தூண்டுதல் வணிகனுக்குக் குறைகிறது. ஆண்டுதோறும் புதிய குதிரைகள் வந்துகொண்டே இருப்பின், பழைய குதிரையை நோயிலிருந்து மீட்கும் தேவை அரண்மனைக்குக் குறைகிறது. ஏறும் வீரனுக்கோ அக்குதிரை தன்னுடையதன்று. இழப்பு வாங்கிய அரசின் மீதே விழுந்தது. குதிரையோடு நாள்தோறும் பழகிய எவரும் அதன் இறப்பால் நேரடியாக இழக்கவில்லை. பல திங்கள் பொறுமையைக் கோரும் பயிற்சி முறை இத்தகைய அமைப்பில் வேர்கொள்ள இடமில்லை. மலைமண்டலக் குதிரைச் செட்டிகளைக் குறிக்கும் கல்வெட்டுகள் இவ்வணிகத்தின் செல்வ வளத்தைக் காட்டுகின்றன. அச்செல்வத்தின் மறுபக்கம் தொழுவத்தில் இருந்தது.

மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் நரி – பரி நிகழ்ச்சியை இப்பின்னணியில் மீண்டும் நோக்கலாம். குதிரை வாங்க அமைச்சர் கொண்டுசென்ற அரசன் பொருள் வேறு வழியில் செலவாகிறது. வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி, தொழுவத்தில் இருந்த குதிரைகளையும் குதறிவிட்டு ஓடுகின்றன. இது இறைவன் திருவிளையாடலாகப் போற்றப்படும் சமயக் கதை. எனினும், பகலில் பெருவிலைக் குதிரையாக நின்றது இரவில் இல்லாது போதல் என்னும் படிமம், கருவூலம் கண்ட இழப்பைப் பொதுமக்கள் நினைவு எவ்வாறு பதிந்து வைத்தது என எண்ணத் தூண்டுகிறது.

5. தேசிங்கு கதை காட்டும் வீர மாதிரி

நாட்டார் கதைப்பாடல்களில் குதிரைப் பயிற்சி முதன்மை பெறுவது தேசிங்குராசன் கதையில். செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட வரலாற்று மாந்தன். கதைப்பாடல் அவன் புகழின் தொடக்கத்தைத் தில்லியில் வைக்கிறது. எவராலும் ஏற முடியாத குதிரையை இளம் தேசிங்கு ஏறி வயப்படுத்திப் பரிசாகப் பெறுகிறான். அதுவே பாராசாரி. அவன் தோழன் மோவத்துக்கானின் குதிரை நீலவேணி.

இக்கதையில் குதிரை அடக்கப்படும் நிகழ்ச்சி வீரனின் தகுதிச் சான்றாகிறது. ஒரே நாளில், அவைமுன், உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் செயல் அது. அதன் பின்னரோ கதை முழுவதும் பாராசாரி ஆளறிந்து நடக்கும் துணையாக, போர்க்களத்தில் தலைவனோடு நிற்கும் உயிராகச் சித்திரிக்கப்படுகிறது. முதல் நிகழ்ச்சி அடக்கல், பின்வருவது இணக்கம். மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்காமல் நின்றன. ஆனால் மேடையில் காட்டத்தக்கது முதலாவது மட்டுமே. நாள்தோறும் நிகழும் சிறு சிறு பழக்கங்களைப் பாடலாக்குதல் அரிது. பயிற்சி வரலாற்றில் கனிவு முறை குறைவாகவே பதிவானதற்கு இவ்வகை இலக்கியத் தேர்வும் ஒரு காரணமாகும்.

6. பாராமகாலும் மத்திகிரியும்

கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியத்தில் குதிரை வீரர் உருவங்கள் உள்ளன. இந்நிலத்துக்குக் குதிரை புதிதன்று என்பதை அவை காட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகளுக்குப் பாராமகால் வாயிலாக இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இது கும்பினி வசமாகி, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு, அவர் உதவியாளராகத் தாமசு மன்றோ ஆகியோரின் நிருவாகத்தில் வந்தது.

அக்காலத் தக்காணப் படைகளில் இருவகைக் குதிரை வீரர் இருந்தனர். அரசின் குதிரையில் ஏறுவோர் பார்கீர். சொந்தக் குதிரையுடன் பணிக்கு வருவோர் சிலேதார். சிலேதாருக்குக் குதிரையே முதல். அது இறந்தால் அவன் பிழைப்பும் போயிற்று. எனவே அவன் அதனைப் பேணினான். போரில் அதனை இடருக்குள்ளாக்கத் தயங்கினான் என்ற குறையும் அவன்மீது கூறப்பட்டது. உடைமை யாருடையது என்பது குதிரை நடத்தப்படும் முறையை மாற்றுகிறது என்னும் கருத்துக்கு இவ்வேறுபாடு வலுவூட்டுகிறது. கனிவு இங்கு அறவுரையின் விளைவன்று, பொறுப்பின் விளைவு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கும்பினியார் ஒசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணையை நடத்தினர். பாரசீக வளைகுடாக் குதிரைகளுடன், அந்நூற்றாண்டின் போக்கில் ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து கப்பலேறிய ‘வேலர்’ குதிரைகளும் சென்னைத் துறையில் இறங்கின. திறந்த புல்வெளியில் வளர்ந்து, நெடுங்கடலைக் கடந்து, பழகாத நிலத்தில் இறங்கிய இக்குதிரைகளைப் படைக்கு ஏற்பப் பழக்குவது பண்ணைகளின் வேலையாயிற்று. பாண்டியர் காலத்திலிருந்து இது ஒரு வகையில் மாறுபட்டது. குதிரை வந்தவுடன் வீரனிடம் தரப்படவில்லை; ஓய்வும் தீவனமும் படிப்படியான பழக்கமும் அமைப்பின் பகுதியாயின. பிற்காலத்தில் கால்நடை மருத்துவக் கல்வியும் இதனோடு வளர்ந்தது. மத்திகிரிப் பண்ணை 1924இல் குடிமைக் கால்நடைத் துறைக்கு மாறி இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக நிலைக்கிறது. குதிரைக்காரர் எனப்பட்ட உள்ளூர்ப் பணியாளரே குதிரைகளோடு நாள் முழுவதும் இருந்தனர். அவர்தம் அறிவு அதிகாரிகளின் கையேடுகளில் ஏறவில்லை.

7. கனிவு முறையின் கவர்ச்சியும் அதன் எல்லையும்

மேலை நாட்டில் கனிவு முறையின் மூலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க எழுத்தாளர் செனபோனின் குதிரையேற்ற நூலில் காணப்படுகிறது. சினத்தோடு குதிரையை அணுகலாகாது; வற்புறுத்தலால் செய்யும் செயலைக் குதிரை உணர்ந்து செய்வதில்லை என்பன அவர் கருத்துகள். நவீன காலத்தில் இதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர் அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த சான் சாலமன் ரேரி (1827–1866). 1858இல் இலண்டனில் ‘குரூசர்’ என்னும் கொடிய குதிரையை அவர் பழக்கிக் காட்டினார். 20ஆம் நூற்றாண்டில் டாம் டோரன்சு, ரே அண்டு, மான்டி இராபர்ட்சு ஆகியோர் இவ்வழியை விரிவாக்கினர். குதிரையேற்ற அறிவியலுக்கான பன்னாட்டுக் கழகம் 2007இல் தோன்றியபின் இது ஆய்வுத்துறையாகவும் வளர்ந்தது.

இம்முறையின் அடிப்படை எளிது. குதிரை வேட்டையாடும் விலங்கன்று; வேட்டையாடப்படும் விலங்கு. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் சுற்றுப்புறம் முழுவதையும் ஏறத்தாழக் காணும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டுமே மறைவிடங்கள். அச்சம் வந்தால் ஓடுவதே அதன் தற்காப்பு. அச்சுறுத்திய இடத்தையும் ஆளையும் நெடுநாள் மறவாது. கடிவாளத்தை இழுப்பது ஓர் அழுத்தம். குதிரை இணங்கிய அக்கணமே அழுத்தம் தளர வேண்டும். அத்தளர்வே அதற்குக் கிடைக்கும் விடையும் பரிசும். தளர்த்துவதில் காலம் தாழ்த்தினால், எதற்காகத் தளர்ந்தது என்பது குதிரைக்குப் புலப்படாது. இணங்கியும் பயனில்லை என்றே அது கற்கும். பின்னர் வலிய கடிவாளமும் சாட்டையும் தேவைப்படும். கொடுமை பலவேளை தீய எண்ணத்தால் அன்றி, காலம் தவறிய கையால் பிறக்கிறது. எனவே நெகிழ்வு என்பது விட்டுக்கொடுத்தல் அன்று. குதிரை காட்டும் செவியசைவு, மூச்சு, தசை இறுக்கம் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்றுவோன் தன்னை மாற்றிக்கொள்ளுதல்.

எனினும் கனிவு என்னும் பெயர் பெற்றவை யாவும் கனிவாகா. ரேரி குதிரையின் முன்கால் ஒன்றை வாரால் மடித்துக் கட்டி, களைத்துத் தரையில் படுக்கவைத்த பின்னரே அதனைத் தடவி ஆற்றினார். அக்காலத்து அடியுதைகளோடு ஒப்பிட இது மென்மை. ஆயின் குதிரை அடைந்தது நம்பிக்கையா, தப்ப வழியற்ற செயலின்மையா என இன்று ஐயம் எழுப்பப்படுகிறது. வட்டத் தொழுவில் குதிரையை ஓடவிட்டு அது தானே அணுகும்வரை காக்கும் இராபர்ட்சின் முறையும் இதே வினாவைச் சந்தித்துள்ளது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பறையொலிக்கேற்ப அடியெடுத்து ஆடும் குதிரைகளைக் காண்போர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஆட்டத்தின் அழகு பயிற்சியின் தன்மையைத் தானே உரைக்காது. தேசிங்கு கதையின் அவைக்காட்சியும் ரேரியின் இலண்டன் மேடையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: காண்போர்க்காகச் சுருக்கப்பட்ட காலம் குதிரையின் காலம் அன்று.

8. மலைப்பாதையும் பொதிவிலங்கும்

தமிழகத்தில் குதிரை போர்க்களத்தை விட்டு நீங்கிய பின்னரும் மலைப்பாதையில் நிலைத்தது. ஏற்காடும் கொடைக்கானலும் சாலை காணும் முன்னர் மட்டக்குதிரைகளையும் மனிதத் தோள்களையுமே நம்பியிருந்தன. திண்டுக்கல் சிறுமலையில் வாழைத்தாரும் பிற விளைபொருளும் குதிரை முதுகில் தோட்டத்திலிருந்து இறங்குவது இக்காலத்தும் காணப்படும் காட்சி. தருமபுரி மாவட்டத்திலேயே பென்னாகரம் பகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிச் சென்றமை தேர்தல்தோறும் செய்தியாயிற்று. வத்தல்மலையின் காப்பி, மிளகு, சாமை விளையும் சிற்றூர்களும் அண்மைக் காலம்வரை இத்தகைய பாதை உலகைச் சேர்ந்தவையே.

இங்கு விலங்குக்கும் மாந்தனுக்கும் உள்ள உறவு படைத்தொழுவத்து உறவினின்று வேறுபட்டது. பொதிக்காரனுக்கு உள்ளவை ஒன்றிரண்டு விலங்குகளே. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மிரண்ட விலங்கு பொதியையும் தன்னையும் நடத்துவோனையும் ஒருசேரப் பள்ளத்தில் தள்ளும். அங்குச் சாட்டை பயன்படாது. காலை எங்கு வைப்பது என்பதை விலங்கே தேர வேண்டும். அதன் விருப்பத்துக்குச் சற்று இடங்கொடுத்து, நின்றவிடத்தில் நிற்கவிட்டு, மூச்சு வாங்கியபின் குரலால் நகர்த்துவதே வழி. நெகிழ்வு இங்குப் பயிற்றுநரின் கோட்பாடாக அன்றிப் பாதையின் கட்டளையாக அமைகிறது. இழப்பை ஏற்பவனே நடத்துபவன் என்பதால், பாண்டியர் தொழுவத்தில் இல்லாத தூண்டுதல் இங்கு இயல்பாகவே உண்டு.

எனினும் பொதிக்காரன் கனிவானவனே என முடிவுகட்டுதல் மிகையாகும். வறுமை அளவுக்கு மிஞ்சிய பொதியை ஏற்றச் செய்யும். உராய்வுப் புண் ஆறும்முன் மீண்டும் சேணம் ஏறும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டு, இழுவை – பொதி விலங்குகளுக்கான விதிகள் 1965இல் வந்ததன் தேவை இதுவே. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ எனப் பொதியின் மேலெல்லையை அவ்விதிகள் வகுத்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை கூடாது. முள் பதித்த கோலும் கடிவாளமும் விலக்கு. முல்லைப் பாடல்கள் சிறப்பெனப் பாடிய முள் தீண்டாமை, இங்குச் சட்டக் கடமையாக வடிவம் பெற்றது எனலாம்.

சாலை வருகை மலைமக்களுக்கு மருத்துவமும் கல்வியும் சந்தையும் தந்த நன்மை. நோயாளியைத் தொட்டிலில் சுமந்து இறங்கிய துயரம் ஒழிந்ததை எவரும் குறையாகக் கருதார். ஆயினும், பொதிவிலங்கு நீங்கும்போது, எழுதப்படாத பயிற்சி அறிவும் நீங்குகிறது. அரண்மனைக் குதிரைக்குச் சாத்திரம் எழுதப்பட்டது. படைக்குதிரைக்குக் கையேடு எழுதப்பட்டது. பொதிக்குதிரைக்கு எதுவும் எழுதப்படவில்லை. அவ்வறிவு கைகளிலும் குரலிலும் மட்டுமே இருந்தது. விலங்கை நிறுத்தவும் நகர்த்தவும் வழங்கிய ஒலிக்குறிப்புகள், பொதியைச் சமன்செய்யும் முறை, மழைக்காலப் பாதையில் புதிய விலங்கைப் பழைய விலங்கின் பின்னே நடத்திப் பழக்கும் வழக்கம் ஆகியன முதியோர் நினைவிலிருந்து திரட்டப்பட வேண்டியவை.

9. முடிவுரை

தமிழகத்தில் குதிரையைக் கனிவாகப் பயிற்றும் சிந்தனை பழமையானது. குதிரை கற்கும் உயிர் என்பதைக் ‘கல்லாமா’ என்னும் சொல்லும், வலியின் தேவையின்மையே சிறந்த பயிற்சி என்பதை முல்லைப் பாடல்களும், உள்ளமறிதலே வித்தை என்பதை அசுவ இருதயக் கருத்தும் காட்டுகின்றன. அறிவின்மையால் மட்டுமே குதிரைகள் மடிந்தன என்னும் அயலார் விளக்கம் இச்சான்றுகளுக்குப் பொருந்தாது. இழப்பைக் கருவூலம் ஏற்க, இலாபத்தை வணிகன் பெற, ஏறுவோன் பொறுப்பற்று நின்ற அமைப்பே அறிவை நடைமுறையிலிருந்து பிரித்தது. சிலேதாரும் பொதிக்காரனும் இதற்கு எதிர்ச்சான்று.

கனிவு முறை இன்று கவர்ச்சியுடன் விளங்குவதற்குக் காரணம் அதன் மென்மை மட்டுமன்று. பயிற்றுவோன் தன் தவற்றைக் குதிரையின் மீது சுமத்தாமல் இருக்க அது கற்பிக்கிறது. ஆனால் அறநெறி மட்டும் அதனை நிலைநிறுத்தாது என்பதே வரலாறு தரும் பாடம். காலமும் உடைமைப் பொறுப்பும் விலங்கோடு நாள்தோறும் பழகும் வாய்ப்பும் உள்ள இடத்திலேயே அது வேர்கொண்டது. சாத்திர ஏடுகளையும் படைக் கையேடுகளையும் மட்டும் ஆராய்தல் இவ்வரலாற்றின் பாதியையே தரும். வத்தல்மலை, கோட்டூர் மலை, சிறுமலை போன்ற இடங்களில் பொதிவிலங்கோடு நடந்த முதியோரின் வாய்மொழியைத் தொகுப்பது, மற்றப் பாதியை மீட்கும் களப்பணியாக அமையும். சாலைகள் வந்து ஒரு தலைமுறை கடக்குமுன் அது தொடங்கப்பட வேண்டும்.